வாழ வந்தவரும் விற்க வந்தவரும்

சேர்வராயன் மலைமேல் வாழவந்தி என்றோர் ஊர் உண்டு. ஏற்காட்டு ஒன்றியத்தின் ஊராட்சிகளுள் ஒன்று அது. குளம்பியும் மிளகும் விளையும் அம் மலையில் வழிவழி வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்தார் அல்லர். மலையை ஆண்டு வாழும் தமிழர். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் வழியினர் சேர்வராயனிலும், நடுவண்ணன் வழியினர் பச்சைமலையிலும், சின்னண்ணன் வழியினர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்று அக் கதை கூறும். கதை எவ்வாறாயினும் ஆகுக. வாழவந்தி என்னும் பெயர் தமிழன் செவிக்குத் தரும் பொருள் ஒன்றே. வாழ வந்தோர் ஊர் அது. விற்க வந்தோர் ஊர் அன்று.

பின்னர் வந்தவரெல்லாம் அவ்வாறு வந்தனரா? 1820-ஆம் ஆண்டை ஒட்டிச் சேலம் ஆட்சியர் காக்பர்ன் அம் மலையிற் குளம்பிப் பயிரைப் புகுத்தினார். அவரைத் தொடர்ந்து வெள்ளையர் தோட்டங்கள் எழுந்தன. நிலத்தோடு பெயரும் கைமாறிற்று. பாறையில் ஒன்று ‘லேடீசு சீட்டு’ ஆயிற்று. மற்றொன்று ‘செண்ட்சு சீட்டு’. வேறொன்று ‘சில்ட்ரன்சு சீட்டு’. பழங்குடியினர் அடுக்கிய கற்குவைகள் நின்ற இடம் ‘பகோடா பாயிண்டு’ ஆயிற்று. கல்லை அடுக்கியவன் தமிழன். பெயரை அடுக்கியவன் வெள்ளையன்! அவன் 1947-இல் கப்பலேறிப் போய்விட்டான். அவன் வைத்த பெயரை இன்றும் வழிகாட்டிப் பலகைகள் சுமந்து நிற்கின்றன.

அது அடிமை நாளின் இழிவு என்று ஆறுதல் கொள்ளலாம். இன்று நடப்பதற்கு என்ன ஆறுதல் உண்டு? மலைமேலும் மலையடியிலும் சேலத்துப் புறநகர்களிலும் புன்செய்க் காடுகள் மனைப்பிரிவுகள் ஆகின்றன. மனைக்கல் நடுமுன்னே பெயர்ப்பலகை நடப்படுகிறது. ‘கார்டன்’, ‘வியூ’, ‘வேலி’, ‘அவென்யூ’, ‘என்கிளேவ்’ என்று அதில் எழுதுபவன் வெள்ளையன் அல்லன். தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்தவன். அப் பலகையின் கீழ்க் குடியேறியோர் ஓராண்டிற்குள் ஒன்றுகூடி ஓர் அமைப்பைப் பதிவு செய்கின்றனர். அதன் பெயர் ‘வெல்பேர் அசோசியேசன்’. அதன் துணைவிதி ஆங்கிலம்; கணக்கேடு ஆங்கிலம்; புலனக் குழுவில் வரும் அறிவிப்பும் ஆங்கிலம்.

குடியிருப்போர் நலக்கழகம் வேண்டாத பொருள் என்பதன்று. தெருவிளக்கு எரியாவிடினும், குப்பை அள்ளப்படாவிடினும், குடிநீர் வாராவிடினும், தனியொருவர் குரல் அலுவலக வாயிற்படியைத் தாண்டுவதில்லை. கூடிக் கேட்டால்தான் கதவு திறக்கிறது. ஆகவே கழகம் வேண்டும். ஆயின் அக் கழகம் யாருடையது, அஃது எம்மொழியிற் பேசுகிறது, எந் நிலத்தின்மேல் நிற்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் அஃது ஒழுங்காக விடைகூறல் வேண்டும்.

நிலத்தை முதலில் எடுத்துக்கொள்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும். தமிழ் ஊர்ப்பெயர் வெறும் அழைப்பொலி அன்று; அது நிலத்தின் ஆவணம். ஏரி, தாங்கல், ஏந்தல், ஊருணி, குட்டை, ஓடை, மதகு, கலிங்கு என்று முடியும் பெயர்கள் ஒவ்வொன்றும், நீர் எங்கே தங்கும், எவ்வழியே செல்லும், எங்கே வழியும் என்பதை எழுத்தறியாதவனுக்கும் கூறிவந்தன. ‘ஏரி உள்வாய்’ என்று வழங்கிய இடத்தில் மனை வாங்க முன்வருபவன், மழைக்காலத்தில் அங்கே என்ன நிகழும் என்று ஒருமுறையேனும் எண்ணுவான். அதே இடத்திற்கு ‘லேக் வியூ’ என்று பெயரிட்டுவிட்டால்? ஏரியைப் பார்க்கலாம் என்று மகிழ்ந்து ஏரிக்குள்ளேயே வீடு கட்டுவான்! பெயரை மாற்றுவது விற்பவனுக்கு வணிகம், வாங்கியவனுக்கு வெள்ளம்.

2015 திசம்பரில் சென்னைப் புறநகர்களில், வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் பள்ளிக்கரணைப் பக்கத்திலும் வீடுகள் நீரில் நின்றதை நாடே கண்டது. நீர் புதிய இடத்திற்கு வந்ததன்று. தன் பழைய இடத்திற்கு மீண்டது. மாந்தன் மறந்த பெயரை நீர் மறக்கவில்லை. 2024-இல் பெஞ்சல் புயலையொட்டித் திசம்பர் முதல் நாள்களில் ஏற்காட்டில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டரைக் கடந்து மழை கொட்டியது. மலைச்சாலையில் மண் சரிந்தது; போக்குவரத்து நின்றது. மலையிற் பெய்த நீர் மலையிலேயே நிற்குமா? சேர்வராயன் குன்றுகளிற் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரூடே சென்று காவிரியிற் கலக்கிறது. சேர்வராயன் கோயிலில் அவனுடன் காவேரியம்மை வைத்து வணங்கப்படுவதன் பொருளை மலைமக்கள் அறிவர். மனை வணிகர் அறியார். மேலே ஓடையை மூடினால் கீழே தெரு மூழ்கும். வாழவந்தியின் இடர் வேறு, சேலத்துப் புறநகரின் இடர் வேறு என்று பிரித்துப் பார்ப்பவன் நீரின் வழியறியாதவன்.

கன்னங்குறிச்சி இதற்கு நல்ல சான்று. சேலத்தை ஒட்டிய பேரூர் அது. குறிச்சி என்பது குறிஞ்சிநிலத்து ஊர்க்கு முன்னோர் இட்ட பெயர்; மலையடி ஊர் என்று அதன் பெயரே பறைசாற்றுகிறது. மலையினின்று இறங்கும் நீர் அங்குள்ள புதுஏரி வழியே மூக்கனேரிக்கு வருகிறது. மூக்கனேரி தூர்ந்து, கழிவும் முட்புதரும் மண்டிக் கிடந்தது. 2010-இல் சேலம் மக்கள் குழு என்னும் அமைப்பினர் அரசை மட்டும் எதிர்பார்த்திராமல் அதனைத் தூர்வாரினர். ஏரியினுள் மண்திட்டுகள் அமைத்தனர். அவற்றில் மரக்கன்றுகளை நட்டனர். நீர் தங்கிற்று, பறவைகள் வந்தன. அவ் வமைப்பின் பெயரை நோக்குக: மக்கள், குழு. அதில் முன்னின்றோருள் ஒருவர், வடபுலத்தினின்று வந்து சேலத்திற் குடியமர்ந்த குடும்பத்தவர். அவர் தமிழ் பேசினார், ஊரோடு நின்றார், ஏரியை ஏரி என்றே அழைத்தார். எங்கே பிறந்தார் என்பதன்று வினா. எதற்கு வந்தார் என்பதே வினா. வாழ வந்தவர் எவராயினும் ஊரார் ஆவர். விற்க வந்தவன் தமிழனாகவே பிறந்திருப்பினும் அயலானே.

இனி, கழகம் யாருடையது என்னும் வினா. பெரும்பாலான கழகங்களில் வீடு உடையவரே உறுப்பினர். குடிக்கூலிக்கு இருப்போர் சந்தா மட்டும் செலுத்தலாம். வாய் திறத்தல் ஆகாது. வீட்டுவேலை செய்யும் பெண்டிரும், இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியும், குப்பை அள்ளும் தொழிலாளியும் ஊர்க் கணக்கிலேயே இல்லை. அவர்கள் பற்றிய தீர்மானம் அவர்கள் அறியாத மொழியில் எழுதப்பட்டு, அவர்கள் படிக்கவியலாத பலகையில் ஒட்டப்படுகிறது. ஆங்கிலம் இங்கே அறிவின் கருவியா? இல்லை, அது கதவின் தாழ்ப்பாள். கேள்வி கேட்கக்கூடியவனை வெளியே நிறுத்துவதற்கு அதனினும் எளிய பூட்டு வேறில்லை. ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்குக் காட்டல் வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் கூறுகிறது. புரியாத மொழியிற் காட்டிய கணக்கு, காட்டாத கணக்கே.

‘பல மொழியாளர் குடியிருக்கின்றனர், ஆகவே ஆங்கிலம்’ என்பர் சிலர். வந்தவர்க்கு ஒரு மொழிபெயர்ப்புப் படி தருவதை யார் தடுத்தார்? ஆனால் ஊரின் மொழியை ஊரிலேயே விருந்தாக்கி, வந்த மொழியை வீட்டுக்காரனாக்குவது எந்த நாட்டு முறை? ‘ஆங்கிலப் பெயர் இருந்தால் மனைவிலை ஏறும்’ என்பர் வேறு சிலர். ஒரு வெள்ளம் வந்து போன பின்னர் அவ் விலை என்ன ஆயிற்று என்று அவர்களே கூறட்டும்.

ஊரைக் கூடி ஆளுதல் தமிழனுக்கு வெளியார் கற்பித்த கலை அன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே அங்கு ஏரிவாரியம் ஒன்று தனியே இருந்தது. அவ் வவை நான்மறையாளர்க்கு ஈந்த ஊரினது. வேளாண் ஊர்களின் அவைக்கோ ‘ஊர்’ என்பதே பெயர். நிலத்திற்கும் ஊர் என்று பெயர். கூடிப் பேசும் அவைக்கும் ஊர் என்று பெயர்! அவ் வவையும் நிலமுடையோர் அவையே. உழைத்த கடைக்குடிகட்கு அதில் இடமில்லாமற் போன குறையை மறைத்தற்கில்லை. ஆயிரம் ஆண்டு கழிந்தும் வீடுடையோர் மட்டுமே கூடும் கழகம் அமைப்போர், முன்னோர் பெருமையை விட்டுவிட்டு அவர்தம் குறையை மட்டும் காத்து வருகின்றனர்.

இன்று அக் குறை தீர வழியுண்டு. வாழவந்தி போன்ற ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் ஊரவையில், வாக்காளர் பட்டியலிற் பெயருள்ள அனைவரும் உறுப்பினர். நகர்ப்புறத்திற்கும் 2022 முதல் பகுதி அவைகள் வந்துள்ளன. அங்கே உடையவன், குடிக்கூலியாளன் என்னும் வேறுபாடில்லை. நலக்கழகத்தார் அவ் வவைகளுக்குச் செல்லாமல், தம் மதிலுக்குள் தமக்கென ஒரு சிற்றரசு நடத்துவதே பெருங்கேடு.

2020 சூன் திங்களில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எதிர்ப்பெழுந்ததும் சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசு பின்வாங்கலாம். தெருவார் பின்வாங்கவேண்டிய கட்டாயம் என்ன? தெருமுனைப் பலகையைத் தமிழில் எழுத அரசாணை வேண்டுமா? துணைவிதியையும் கணக்கையும் தமிழில் எழுத எவன் தடை? குடிக்கூலியாளர்க்கும் வாக்குரிமை தருவதற்கு எந்தப் பொன் செலவாகும்? தம் பகுதியின் ஓடை, மதகு, ஏரி ஆகியவற்றின் பழம்பெயர்களை அங்குள்ள முதியோர்பாற் கேட்டறிந்து, அவ்விடங்களிலேயே பலகையாக நடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதா?

பெயரை இழந்த ஊர் தன் நீரை இழக்கும். நீரை இழந்த ஊர் தன் மக்களை இழக்கும். புறநகர்தோறும் கழகம் அமைத்திருப்போர் இன்றே தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும்: வாழ வந்தனரா? விற்க வந்தனரா? வாழ வந்தனர் எனின், முதலில் ஊரின் பெயரைத் தமிழில் எழுதட்டும். எஞ்சிய பணியை அப் பெயரே கற்பிக்கும்.