ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்குப் போகணுமா?



நான் நாலு மாதமாக ஸ்பானிஷ் மொழி படிக்கிறேன். இதைக் கேட்டதும் வகுப்பில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "இங்கிலீஷே நமக்குத் தடுக்கி விழுது, இதுல இவளுக்கு ஸ்பானிஷ் கேக்குது!" அவர்களுக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. கடைசி வரை படிச்சிட்டு அப்புறம் சிரிங்க.

நம் பள்ளிப் பையன்கள் மெஸ்ஸி பேர் போட்ட பனியன் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். 2022-ல் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வாங்கிய பிறகு மெஸ்ஸி பேசியதை என் அண்ணன் போனில் பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் பேசியது ஸ்பானிஷ். அது சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஸ்பெயினைவிட மெக்ஸிகோவில்தான் அதைப் பேசுகிறவர்கள் அதிகம்.

படிக்க ஆரம்பித்ததும் ஓர் ஆச்சரியம். இங்கிலீஷைவிட இது சில இடங்களில் நமக்குப் பக்கம்! 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாஸ்' பேசுகிறாய். 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். நான், நீ, நாம் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், நம் தமிழ் போலவே வினையின் வால் சொல்லிவிடும். 'மே குஸ்தா எல் மாங்கோ' என்றால் எனக்கு மாம்பழம் பிடிக்கும். 'நான்' இல்லை, 'எனக்கு'தான். நீ என்பதற்கு 'தூ', மரியாதையாக நீங்கள் என்பதற்கு 'உஸ்தேத்'. 'பெரோ' என்றால் ஆனால், 'பெற்றோ' மாதிரி நாக்கை உருட்டிச் சொன்னால் நாய். தமிழ் ஐயா ரகர றகர வேறுபாட்டுக்கு மார்க் குறைப்பது ஏன் என்று எனக்கு இப்போதான் புரிந்தது. ஸ்பெயினை அவர்கள் 'எஸ்பாஞா' என்கிறார்கள். அந்த 'ஞ' ஒலிக்கு அவர்கள் ஒரு எழுத்தின் தலையில் நெளிவுக்கோடு போடுகிறார்கள். நம்மிடம் தனி எழுத்தே இருக்கிறது.

சரி, எப்படிப் படிப்பது? மொழியில் மூழ்கணும் என்று சொல்கிறார்கள். அதாவது நாலு பக்கமும் அந்த மொழியே காதில் விழணும். அதற்கு விமானம் ஏற வேண்டும் என்றால் நான் இந்த ஜென்மத்தில் படிக்க முடியாது. அதனால் வீட்டையே கொஞ்சம் ஸ்பெயின் ஆக்கினேன். கதவில் 'புவெர்த்தா', தண்ணீர்க் குடத்தில் 'ஆகுவா', உப்பு டப்பாவில் 'சால்' என்று எழுதி ஒட்டினேன். பாட்டி பார்த்துவிட்டு, "சால்னா தண்ணி ஊத்தி வைக்கிற பானைடி, உப்பு டப்பாவுல ஏன் ஒட்டுற?" என்று கேட்டார். அம்மா போனில் மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றினேன். அம்மா, "என் போனுக்குப் பேய் புடிச்சிருச்சா?" என்று கத்தியதும் திரும்ப மாற்றிக் கொடுத்தேன். அதற்குள் பத்து வார்த்தை மனசில் ஒட்டிக்கொண்டது. தினமும் சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்பானிஷ் கதை ஒன்று கேட்கிறேன். முதலில் சத்தம் மாதிரி இருந்தது. இப்போது நடுநடுவே வார்த்தை தனித்தனியாக விழுகிறது.

மூழ்கிக் கற்றவர்களில் என்னை யோசிக்க வைத்தவர் மலின்ட்சின் என்ற பெண். இப்போது மெக்ஸிகோ என்கிற நாட்டில், 1519-ல், ஸ்பெயின் படைத்தலைவன் கோர்தேஸிடம் 20 பெண்களைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி அவள். அவள் தாய்மொழி நாவாட்டில். அடிமையாக இருந்த இடத்தில் மாயா மொழியும் கற்றிருந்தாள். அகிலார் என்ற ஸ்பானியர் 1511-ல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கி, மாயா மக்களோடு எட்டு வருஷம் இருந்து அவர்கள் மொழியைக் கற்றவர். ஆகவே கோர்தேஸ் பேசுவதை அகிலார் மாயாவில் சொல்ல, அதை மலின்ட்சின் நாவாட்டிலில் சொல்ல வேண்டும். கொஞ்ச காலத்திலேயே அவள் ஸ்பானிஷையும் பிடித்துக்கொண்டாள். நடுவில் அகிலார் தேவைப்படவில்லை.

இதைப் படித்து முதலில் 'அடேங்கப்பா' என்றுதான் நினைத்தேன். அப்புறம் வருத்தமாகிவிட்டது. அவள் ஆசைப்பட்டு மூழ்கவில்லை, தள்ளிவிட்டார்கள். நீந்தாவிட்டால் பிழைப்பு இல்லை. அவள் மொழிபெயர்ப்பு படையெடுத்தவர்களுக்கு உதவியதால் மெக்ஸிகோவில் அவளைத் துரோகி என்பவர்களும் உண்டு, தாய் என்பவர்களும் உண்டு. நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசையாகக் கற்கும் வாய்ப்பு இருக்கிற நாம் சாக்குச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

குவாத்தமாலா நாட்டு ரிகோபெர்த்தா மென்சூ இன்னொருவர். மாயா இனப் பெண், தாய்மொழி கிச்சே. ஸ்பானிஷ் பிறகு கற்ற மொழிதான். தன் மக்கள் பட்ட கொடுமையை அந்த ஸ்பானிஷில் சொல்லித்தான் உலகத்தைக் கேட்க வைத்தார். 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு மொழி கற்றால் தாய்மொழி போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இவரை நினைத்துப் பார்க்கணும்.

மூழ்கினால் மட்டும் போதும், புத்தகம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஸ்பானிஷில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்! நமக்கு இரண்டும் அஃறிணை. 'வீட்டில்' என்பதில் நாம் கடைசியில் வைக்கும் 'இல்' அவர்களுக்கு முன்னாடி வரும். 'இரு' என்பதற்கு இரண்டு வினை உண்டு. ஒருத்தி எப்போதும் கலகலப்பானவள் என்றால் 'எஸ்', இன்றைக்கு மட்டும் கலகலப்பாக இருக்கிறாள் என்றால் 'எஸ்தா'. இதெல்லாம் காதில் விழுந்தால் மட்டும் புரியாது. உட்கார்ந்து நோட்டில் எழுதிப் படிக்கணும். காது பாதி, நோட்டு பாதி.

எவ்வளவு நாள் ஆகும்? அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்க 600 முதல் 750 மணி நேரம் வகுப்பு வைக்கிறது. அதுவும் இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு. நான் தினம் அரை மணி நேரம் படிக்கிறேன். வருஷத்துக்கு 182 மணி நேரம். 750 மணி நேரத்துக்கு நாலு வருஷம் தாண்டும். பிளஸ் டூ முடித்துவிடுவேன். '30 நாளில் சரளமாகப் பேசலாம்' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

கடைசியாக, சொல்லக் கூச்சமாக இருக்கிற விஷயம். நம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். வந்த புதிதில் அவள், "நான் நேத்து வந்தான்" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் வாயே திறக்கவில்லை. போன வாரம் நான் 'ஆப்லோ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆப்லா' என்று எழுதியிருந்தேன். 'நான் பேசுகிறான்' என்று அர்த்தம். அதே தப்பு! என் நோட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதனால் நான் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவள் அன்றைக்குத் திருத்திப் பேசவிடாமல் நாம்தான் செய்தோம்.

தண்ணியில் இறங்காமல் நீச்சல் வராது. ஆனால் இறங்குகிறவளைக் கரையில் நின்று கேலி செய்தால் யார் இறங்குவார்கள்? நமக்கு இங்கிலீஷ் வராததற்கும் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் படித்தும் வாயைத் திறக்கப் பயம்.

அதனால் நம் வகுப்புக்கு ஒரு யோசனை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம், யார் எந்த மொழியை எவ்வளவு தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்கக் கூடாது. திருத்தலாம், சிரிக்கக் கூடாது. முதல் நாள் நான் ஸ்பானிஷில் பேசுகிறேன். அந்தத் தோழியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஒடியா மொழியில் எப்படிச் சொல்வது என்று அவளிடமே கேட்டுச் சொன்னேன். நான் சொன்ன விதத்தைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்கு மட்டும் விதிவிலக்கு!

 

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி