அழிக்காமலும் பழுது நீக்கலாம்

கணினி திடீரென நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், செஞ்சியிலோ வந்தவாசியிலோ எந்தக் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே மருந்துதான்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." சீயமங்கலம் போன்ற சிற்றூரிலிருந்து மடிக்கணினியைச் சுமந்துகொண்டு பேருந்தில் வரும் கல்லூரி மாணவிக்கு அதை மறுத்துப் பேசத் தெரியாது. மாலையில் கணினி கைக்கு வரும், இயங்கும். ஆனால், நிறுவியிருந்த மென்பொருள்களும் தமிழ் எழுத்துருக்களும் இரண்டாண்டு இற்றைப்படுத்தல்களும் போயிருக்கும். சில வேளைகளில் முகப்புத்திரையில் வைத்திருந்த ஆய்வேடும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நோய் எது என்று தேட அரைநாள் ஆகும். அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ ஒரு மணி நேரம் போதும். இரண்டுக்கும் வாடிக்கையாளர் கொடுப்பது ஏறத்தாழ ஒரே தொகை. பொருளாதாரம் அழிப்பின் பக்கம் நிற்கிறது.

தொழில்நுட்பம் அப்படி நிற்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே குறுந்தகட்டைக் கொண்டு இயங்குதளத்தை மட்டும் பழுது நீக்க வழியிருந்தது. மென்பொருள்கள் அப்படியே இருக்கும். குறை ஒன்றுதான்: தகடு பழையதாக இருந்தால் அதற்குப் பின் வந்த இற்றைப்படுத்தல்கள் மறைந்துவிடும், மீண்டும் முதலிலிருந்து இறக்க வேண்டும். இன்று அந்தச் சிக்கலும் பெருமளவு தீர்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் அண்மைய நிறுவல் கோப்பை, இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே தொடங்கி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்திருக்கச் சொன்னால் போதும். அமைப்புக் கோப்புகள் மட்டும் மாற்றப்படும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இதற்கான பொத்தான் அமைப்புகள் பகுதியிலேயே இருக்கிறது. 'ரீசெட்' என்னும் வசதி வேறு. அது ஆவணங்களை விட்டுவைத்தாலும் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து இழந்தவர்கள் பலர்.

எல்லா நோய்க்கும் இது மருந்தாகாது. விண்டோஸ் தொடங்கவே மறுத்தால் இவ்வழி அடைபடும்; வன்தட்டே பழுதாகியிருந்தால் முதலில் தரவைக் காப்பாற்ற வேண்டும். ஆனால், அப்போதும் அழிப்பு கடைசிப் படியாகத்தான் இருக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று யாரும் 85 லட்சம் கணினிகளையும் அழித்து நிறுவச் சொல்லவில்லை. பாதுகாப்புப் பயன்முறையில் நுழைந்து ஒரேயொரு கோப்பை நீக்குவதுதான் தீர்வாகச் சொல்லப்பட்டது. விமான நிறுவனத்துக்குக் கிடைத்த அந்தப் பொறுமை சீயமங்கலத்து மாணவிக்கு ஏன் கிடைப்பதில்லை?

அழிப்பில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. புதிதாக நிறுவப்படுவது பல நேரங்களில் திருட்டுப் படி; அதில் இற்றைப்படுத்தலையே முடக்கி வைப்பதும் உண்டு. 2017 மே மாதம் வான்னாகிரை பரவியபோது அதற்கான தடுப்பு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன. விண்டோஸோடு விற்கப்பட்ட அண்மைக்கால மடிக்கணினிகளில் உரிமக் குறியீடு வன்பொருளிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை நிறுவினால் உரிமம் தானாகத் திரும்பும். திருட்டுப் படிக்கு அங்கே தேவையே இல்லை.

தமிழ்நாடு அரசு 2011 முதல் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை மாணவர்களுக்கு வழங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. முதல் முறை கடைக்குப் போன அன்றே பாஸ் காணாமற்போன கணினிகளை நானே பார்த்திருக்கிறேன். (சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலுக்கு முன்னால் பின்வந்தவர்கள் மண்டபங்களைக் கட்டிச் சேர்த்தார்கள், குகையை யாரும் 'ஃபார்மட்' செய்யவில்லை.)

2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. வாங்கும் விலையைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பழுதுநீக்கத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் உரிய நிறுவல் கோப்புகளுடன் ஒரு பென்டிரைவ், தமிழில் ஒரு பக்கச் செய்முறை, 'தரவை அழிக்குமுன் உரியவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல்' என்னும் ஒரு வரி சேவை ஒப்பந்தத்தில்: இவை பெரிய செலவல்ல. ஊர்க் கடைக்காரர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால், தேடிக் கண்டுபிடிக்கும் உழைப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கும் துணிவும் அவர்களுக்கு வரும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பழைய அரசு மடிக்கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. அவற்றில் விண்டோஸ் 10 ஓடும் கணினியைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள், அழிக்கச் சம்மதிக்கும் முன் அந்தப் பதிவு நடந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்.