பாட்டி பெயரில் ராப் ஆல்பம்: 'இது நம்ம கதை'ன்னு தோணுவது ஏன்?

அரக்கோணத்துக்காரரான ராப் கலைஞர் அறிவு 2024-ல் வெளியிட்ட ஆல்பம் 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மா அவரது பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்.

என்ன பின்னணி?

1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5.25 லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்ள முடிவானது. தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட தோட்டத்தில் அவங்களுக்குன்னு ஒரு பிடி மண் கிடையாது.

இதையே கல்வராயன் மலையில் உட்கார்ந்து கேட்டால்?

1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்தது. காட்டைத் திருத்தி விதைத்த மலையாளி பழங்குடிகளில் பலர் இன்னும் பட்டாவுக்கு அலைகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அப்போது கல்வராயன் மலையும் செய்தியில் அடிபட்டது, பெரும்பாலும் சாராய ரெய்டு நடக்கும் இடமாக.

ஆல்பம் என்ன செய்யுது?

செய்தியில் எண்ணிக்கை வரும்; இந்த ஆல்பத்தின் தலைப்பிலேயே ஒரு பாட்டியின் பெயர் இருக்கு. அதைக் கேட்டதும் அவரவர் பாட்டி ஞாபகம் வருவது இயல்பு. கூடவே ஒரு கேள்வியும் வரும்: நம்ம பாட்டி யார் நிலத்துல உழைச்சாங்க? அந்தப் பட்டா இப்போ யார் பேர்ல இருக்கு?