விதிவிலக்குகளே ஆசான்கள்

"அயனியாக்கும் ஆற்றலைப் பாதிக்கும் காரணிகளை விவரி" என்பது வேதியியல் மாணவர் அனைவருக்கும் பழகிப்போன வினா. அணுவின் உருவளவு, அணுக்கருவின் மின்சுமை, உட்கூட்டு எலக்ட்ரான்களின் திரைமறைப்பு, ஆர்பிட்டாலின் ஊடுருவும் திறன், பாதி நிரம்பிய அமைப்பின் நிலைப்புத்தன்மை என ஐந்து தலைப்புகளை இட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவற்றை எழுதி முடித்த மாணவனுக்கு அணுவைப் பற்றி என்ன தெரிந்தது என்பதே என் கேள்வி.

வாயு நிலையில் தனித்திருக்கும் ஓர் அணுவில் மிகத் தளர்வாகப் பிணைந்துள்ள எலக்ட்ரானை நீக்கத் தேவைப்படும் ஆற்றலே முதல் அயனியாக்கும் ஆற்றல். இது ஏட்டில் எழுதிவைத்த கொள்கையன்று. சோதனையில் அளந்து கண்ட எண். அணுவின் உள்ளமைப்பைக் கண்ணால் காண இயலாத நமக்கு இந்த எண்களே சாட்சிகள். சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பை மட்டும் மனப்பாடம் செய்வது முறையாகுமா?

சோடியத்தைப் பாருங்கள். முதல் எலக்ட்ரானை நீக்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். இரண்டாவதற்கு 4562 வேண்டும். ஒன்பது மடங்குக்கும் மேல். மக்னீசியத்திலோ 738, 1451 என்று ஏறி, மூன்றாவது எலக்ட்ரானுக்கு 7733 என்று தாவுகிறது. இரண்டைக் கொடுத்த கை மூன்றாவதற்கு இறுக மூடிக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் கூடுகூடாக அமைந்துள்ளன என்று நூல் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. இந்த ஐந்து எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன.

அடுத்து, இரண்டாம் வரிசை. லித்தியம் 520, பெரிலியம் 900, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081. ஏறிக்கொண்டே போகும் இந்த வரிசை போரானிலும் ஆக்சிஜனிலும் சறுக்குகிறது. இவற்றை 'விதிவிலக்குகள்' என்று ஒதுக்கி வைக்கிறோம். என் கருத்தில் இவை விதிவிலக்குகள் அல்ல; நாம் வகுத்த விதிதான் குறையுடையது. மின்சுமை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாயின் போரான் பெரிலியத்தை விஞ்சியிருக்க வேண்டும். விஞ்சவில்லை. ஏனெனில் போரானில் வெளியேறுவது 2p எலக்ட்ரான். 2s எலக்ட்ரான்கள் கருவுக்கு அருகே ஊடுருவி நின்று அதை ஓரளவு மறைக்கின்றன. ஆக்சிஜனிலோ நான்காவது p எலக்ட்ரான், ஏற்கெனவே ஒன்று குடியிருக்கும் ஆர்பிட்டாலில் இணையாக நுழைய வேண்டியிருக்கிறது. விலக்குவிசை மிகுகிறது, மற்ற மூன்றோடு பரிமாற்ற ஆற்றலின் பயனும் அதற்கு இல்லை. ஆகவே எளிதில் பிரிகிறது. "நைட்ரஜன் பாதி நிரம்பியது, ஆகவே நிலையானது" என்று எழுதுவது காரணம் கூறுவதாகாது. நிகழ்ச்சிக்கு வேறொரு பெயர் சூட்டுவதே ஆகும்.

எண்களைக் கூர்ந்து பார்ப்பவர் என்ன காண்பார் என்பதற்கு வரலாறு சான்று. 1962 இல் கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டிருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் ஏறக்குறைய 1165, செனானுடையது 1170. வேறுபாடு மிகச் சிறிது. அப்படியாயின் செனானும் வினைபுரிய வேண்டுமல்லவா? சோதித்தார், புரிந்தது. மந்த வாயுக்கள் எதனோடும் சேரமாட்டா என்று பலரும் கொண்டிருந்த நம்பிக்கை அன்றே தகர்ந்தது. அட்டவணையிலிருந்த இரு எண்களை அருகருகே வைத்துப் பார்த்ததன் பயன் அது.

நம் நாட்டு மேகநாத சாகா 1920 இல் செய்ததும் இத்தகையதே. ஒரு வாயுவில் எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகியிருக்கும் என்பதை வெப்பநிலை, அழுத்தம், அயனியாக்கும் ஆற்றல் ஆகியவற்றோடு இணைத்துச் சமன்பாடு தந்தார். அதன் துணையால் விண்மீன்களின் நிறமாலையைப் படித்த சிசிலியா பெயின், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுந்துள்ளது என்பதை 1925 இல் கணக்கிட்டுக் காட்டினார். நாம் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் எண், சூரியனையே எடைபோட உதவிற்று!

பாடத்திட்டம் பெரிது, நாட்கள் குறைவு, வகுப்பில் மாணவர் பலர். இவ்வளவையும் விளக்க நேரமேது என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நான் வேண்டுவது கூடுதல் பாடமன்று, வேறுவகை வினா. பெயர் குறிப்பிடாத ஒரு தனிமத்தின் முதல் ஐந்து அயனியாக்கும் ஆற்றல்களைக் கொடுத்து, அது எந்தத் தொகுதியைச் சார்ந்தது, எவ்வாறு அறிந்தாய் என்று உள்தேர்வில் கேட்கலாமே! முதல் இருபது தனிமங்களின் மதிப்புகளை மாணவர்களே வரைபடமாக்கி ஆய்வகச் சுவரில் ஒட்டலாமே! செலவு ஓர் அட்டைத்தாள்தான்.

இதனால் பெரிதும் பயனடைவோர் தமிழ்வழியில் பயின்று வந்தோரே. அவர்கள் ஒரே கருத்துக்கு இரு மொழிக் கலைச்சொற்களைச் சுமக்கின்றனர். நினைவு தவறும்போது, "வேதியியல் எனக்கு வராது" என்று தமக்குத் தாமே முடிவு கட்டிக்கொள்கின்றனர். தவறியது நினைவுதான், அறிவன்று. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. 1402க்குப் பின் 1314 ஏன் என்று கேட்க எந்தப் பள்ளியிலிருந்து வந்தவருக்கும் உரிமை உண்டு.

ஆகவே நண்பர்களே, அட்டவணையில் ஓர் எண் சறுக்குமிடத்தில் 'விதிவிலக்கு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அங்கேதான் அணு தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது.