தாயைப் பழித்த பாடலும் மகனின் பரிகாரமும்

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், புனித சூசையப்பரின் பெயரைத் தாங்கிய செயின்ட் ஜோசப் நகரில், டெபி நெல்சன் என்ற 69 வயதுப் பெண்மணி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். உலக ஊடகங்கள் பலவும் அந்த மரணத்தைச் செய்தியாக்கின. அவர் அரசியல்வாதி அல்லர், நடிகையும் அல்லர். எமினெம் என்ற ராப் பாடகரின் தாய். சொந்த மகனின் பாடல்களில் பழிக்கப்பட்டதாலேயே உலகறிந்தவர்.

மார்ஷல் மேதர்ஸ் என்பது எமினெமின் இயற்பெயர். 1972-இல் அதே செயின்ட் ஜோசப் நகரில் அவர் பிறந்தபோது தாய்க்கு வயது 17. தந்தை கைக்குழந்தையாக இருந்த மகனை விட்டுப் பிரிந்தார். வறுமை, அடிக்கடி மாறிய வீடுகள், பள்ளியில் சக மாணவரின் கொடிய அடி, டெட்ராய்ட் பகுதியில் கழிந்த வளரிளம் பருவம், ஒன்பதாம் வகுப்பில் மூன்று முறை தோல்வி, 17 வயதில் பள்ளிப் படிப்புக்கு முற்றுப்புள்ளி. இப்படி வளர்ந்த இளைஞருக்குச் சொற்கள் மட்டுமே சொத்தாக இருந்தன. அந்தச் சொத்தை அவர் ஆயுதமாக்கிக்கொண்டார்.

1999-இல் வெளிவந்த பாடல் தொகுப்பில் 'ஸ்லிம் ஷேடி' என்ற முகமூடியை அணிந்து, வாய்க்கு வந்ததையெல்லாம் பாடும் ஒருவராக அவர் அறிமுகமானார். 2000-இல் வந்த அடுத்த தொகுப்பு அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 17 இலட்சத்திற்கும் அதிகமான பிரதிகள் விற்றது. அதில் மனைவியைக் கொலை செய்வதாகக் கற்பனை செய்த பாடல் இருந்தது. ஒருபாலின ஈர்ப்புள்ளோரை இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தன. அமெரிக்க செனட் அவை விசாரணையில் அப்பாடல்கள் கண்டிக்கப்பட்டன. தாயோ தன்னைப் பற்றிய அவதூறுக்காக மகன்மீது ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2001-இல் அவ்வழக்கு 25,000 டாலரில் முடிந்தது. அதிலும் பெரும்பகுதி வழக்கறிஞருக்கே போனது. 2002-இல் மகன் இன்னும் கடுமையான ஒரு பாடலைத் தாய்மீது பாடினார். குற்றச்சாட்டுகளைத் தாய் மறுத்தார். 2008-இல் தன் தரப்பை நூலாகவும் எழுதினார். ஆனால் பாடல் சென்ற இடமெல்லாம் நூல் செல்லவில்லை.

இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். காயப்பட்ட பிள்ளை அழக்கூடாது என்று நான்காம் கட்டளை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்ட வேண்டாம் என்று பெற்றோரையும் எச்சரிக்கிறார் புனித பவுல் (எபேசியர் 6:4). கைவிடப்பட்ட, அலைக்கழிக்கப்பட்ட சிறுவனின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அழுகை வேறு, பழிதீர்ப்பு வேறு. அழுகை ஆறுதலைத் தேடுகிறது. பழிதீர்ப்பு பார்வையாளரைத் தேடுகிறது. குடும்பத்துக் காயம் விற்பனைப் பொருளானபோது, விலையைக் கொடுத்தவர்கள் இரசிகர்கள் மட்டும் அல்லர். ஒரு தாயும் ஒரு மனைவியும் தங்கள் மானத்தால் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

புகழின் உச்சி எமினெமுக்கு அமைதியைத் தரவில்லை. 2003-இல் ஆஸ்கார் விருது அவரது பாடலுக்குக் கிடைத்தது. ராப் பாடல் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2006-இல் அவரது உயிர் நண்பர் டெட்ராய்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாத்திரைப் பழக்கம் முற்றி, 2007 டிசம்பரில் மெத்தடோன் அளவுக்கு மிஞ்சி, சாவின் விளிம்புவரை சென்றார். 2008 ஏப்ரல் முதல் போதையிலிருந்து விலகி வாழ்கிறார். அந்தப் போராட்டத்தில் தொலைபேசியில் பேசித் துணைநின்றவர் யார் தெரியுமா? பாடகர் எல்டன் ஜான். எமினெம் தன் பாடல்களில் எந்த மக்களை இழிவுபடுத்தினாரோ, அவர்களுள் ஒருவர். காயப்பட்டவரைக் கடந்து செல்லாத சமாரியரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியுமா?

2013-இல் எமினெம் தாயிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பாடல் வெளியிட்டார். 2014-ஆம் ஆண்டு அன்னையர் நாளில் அதன் காணொளி வந்தது. தாயைப் பழித்த பழைய பாடலை இனி மேடையில் பாடுவதில்லை என்றும், வானொலியில் அதைக் கேட்டால் கூசுகிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டார். 2022-இல் இசை உலகின் பெரும் கௌரவம் ஒன்று மகனுக்குக் கிடைத்தபோது, தாய் அவரைக் காணொளி வழியே வாழ்த்தினார்.

ஒப்புரவு அருளடையாளத்தில் பாவமன்னிப்போடு பரிகாரமும் ஏன் உண்டு என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. இந்த வாழ்க்கை அதற்கு விடை சொல்கிறது. புறங்கூறிய பெண்ணிடம் புனித பிலிப்பு நேரியார், கோழியின் இறகுகளைத் தெருவெங்கும் பிய்த்துப் போட்டபின் திரும்பப் பொறுக்கி வரச் சொன்னதாக ஒரு கதை உண்டு. எமினெமின் பழைய பாடலை இன்றும் எவரும் ஒரு விரல் தொடுதலில் கேட்கலாம். மன்னிப்பு மனங்களைச் சேர்த்துவைக்கலாம். ஆனால் பறந்த இறகுகள் திரும்புவதில்லை. அந்தப் பாடலைப் பாட மறுப்பது ஒன்றே அவர் கையில் எஞ்சியிருந்த பரிகாரம். அதை அவர் செய்தார்.

இதனால் அவரைப் புனிதராக்கிவிட வேண்டியதில்லை. 2024-இல், 'ஸ்லிம் ஷேடி'யின் மரணம் என்ற பொருளில் பெயரிட்டு ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதிலும் பிறரைச் சீண்டும் வரிகள் இல்லாமல் இல்லை. பழைய மனிதனைக் களைவது ஒருநாள் வேலை அன்று என்பது நமக்கும் தெரிந்ததே.

அன்பார்ந்த பெற்றோரே, இத்தகைய பாடல்களை உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது, "அதை நிறுத்து" என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். இதில் உன்னைத் தொடுவது எது என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். ஒருவேளை அந்தக் கோபம் உங்கள் வீட்டிலும் வாய்திறக்காமல் இருக்கலாம். இளையோரே, இன்று குடும்பச் சண்டையை உலகுக்குச் சொல்லப் பாடகராக இருக்கத் தேவையில்லை. கைபேசி ஒன்று போதும். பதிவிடும் முன், அந்தச் சொல்லை உங்கள் தாய் தனிமையில் வாசிக்கும் நேரத்தை ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

தாயும் மகனும் சுமந்த காயங்களை அறிந்த இறைவன், டெபி நெல்சனுக்கு நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. பேசாமல் விலகி நிற்கும் நம் உறவுகளிடம், காலம் கடக்கும் முன் முதல் சொல்லைச் சொல்லும் துணிவை நமக்கும் தருவாராக.