தனியே அழைத்துச் சென்ற ஆண்டவர்



இவ்வாரம் மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தைத் தியானிப்போம். செவி கேளாதவனும் பேச்சுத் தடுமாறுகிறவனுமான ஒருவனை ஜனங்கள் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். நம் தமிழ் வேதாகமம் அவனைக் கொன்னைவாயுடையவன் என்று குறிக்கிறது. அவன் நாவைத் தொடுவதற்கு முன் ஆண்டவர் செய்த ஒரு காரியத்தை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அவர் முதலாவது அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்றார். எல்லாருடைய கண்களும் தன் வாயின்மேல் பதிந்திருக்கும் சங்கடத்திலிருந்து அவனை விடுவித்த பின்னரே குணமாக்கினார்.

நாமோ, திக்கிப் பேசும் பிள்ளையை ஓய்வுநாள் பாடசாலை ஆண்டுவிழாவில் ஒலிபெருக்கிக்கு முன் நிறுத்தி மனப்பாட வசனம் சொல்லச் சொல்லுகிறோம். முதற்சொல்லிலேயே அது தடுமாறும்போது பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. இவ்வழக்கத்தை நம் சபைகள் விட்டுவிட வேண்டும் என்பதே என் துணிபு.

திக்குவாய் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு ஏதேனும் ஒரு பருவத்தில் இது நேரிடுகிறது. பெரும்பாலோர் காலப்போக்கில் விடுபடுகிறார்கள். பெரியவர்களானபின் ஏறக்குறைய 100 பேரில் ஒருவரிடம் நிலைத்திருக்கிறது. பரம்பரையும், மூளை பேச்சை இயக்கும் விதமும் இதற்குக் காரணங்களாம். பெற்றோரின் பாவமோ, வளர்ப்புக் குறையோ, பிள்ளையின் பிடிவாதமோ காரணமல்ல. நாவில் வசம்பு தேய்ப்பதாலும் வாயில் கூழாங்கல் அடக்குவதாலும் இது நீங்காது.

திக்குதலைக் காட்டிலும் அதைப் பற்றிய அச்சமே பல பிள்ளைகளுக்குப் பெரிய பாரம். விடை தெரிந்தும் வகுப்பில் கை உயர்த்தமாட்டார்கள். கடைக்குப் போக மறுப்பார்கள். பெயர் கேட்டாலே தாயின் பின்னால் ஒளிவார்கள். இவ்வச்சத்தைத் தணிக்க விளையாட்டுவழிச் சிகிச்சை உதவுகிறது. அமெரிக்கரான வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் இதைக் குறித்து நூல் எழுதினார். விளையாட்டைப் பிள்ளையே நடத்த வேண்டும், பெரியவர் அவசரப்படுத்தாமலும் திருத்தாமலும் உடனிருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. கையில் ஒரு பொம்மை இருந்தால், தான் சொல்ல அஞ்சுவதைப் பிள்ளை அதன் வாயால் சொல்லும். சொப்புச் சாமான்களால் கடை வைத்து விலை கேட்டுப் பழகிய பிள்ளை, பின்பு ஒருநாள் தெருமுனைக் கடைக்குத் துணிந்து போகும். விளையாட்டு மாத்திரம் திக்குதலை நீக்கிவிடாது. அது பேச்சுப் பயிற்சியாளரின் பணி. இரண்டும் கைகோத்துச் செல்ல வேண்டும்.

கூட்டத்தின் முன் நிறுத்தாவிட்டால் பயம் எப்படித் தெளியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தில், தனக்குப் பேச்சு வராது என்று மோசே முறையிட்டபோது, தேவன் அவனை அழைப்பிலிருந்து விலக்கவில்லை. தனியாகப் பார்வோன்முன் தள்ளவுமில்லை. ஆரோனைத் துணை நிறுத்தினார். அதே மோசே இஸ்ரவேலர் அனைவருக்கும் முன்பாக நின்று பேசிய உரைகளே உபாகமத்தின் பெரும்பகுதி. இடையில் 40 ஆண்டுகள் கடந்திருந்தன. பிள்ளையை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. துணையோடும் படிப்படியாகவும் நடத்தச் சொல்லுகிறேன்.

ஆகவே, பிரியமானவர்களே, வசனத்தைப் பிள்ளைகள் கூடிச் சொல்லட்டும். பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்குதல் பெரிதும் குறைகிறது. தனியாகச் சொல்ல விரும்பும் பிள்ளைக்கு இடங்கொடுங்கள், விரும்பாததை வற்புறுத்தாதிருங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் வேதக் கதைகளைக் கைப்பொம்மைகளால் பிள்ளைகளே நடத்தட்டும். அவர்கள் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடிக்காதிருங்கள். சொல்லி முடிக்கும்வரை முகம் பார்த்துக் காத்திருங்கள். பீடத்தண்டை அழைத்து, எல்லாரும் கேட்க அவர்கள் நாவுக்காக ஜெபிப்பதைவிட, வீட்டில் அமைதலாய் ஜெபியுங்கள்.

பெற்றோரே, ஜெபத்தோடு சிகிச்சையும் தேடுங்கள், அது அவிசுவாசமல்ல. முன்னர் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாயிருந்து, இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனையிலோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ பேச்சுப் பயிற்சி குறித்து விசாரியுங்கள். தானாகச் சரியாகும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திராதிருங்கள். இலண்டனிலுள்ள மைக்கேல் பேலின் மையம், வாரத்தில் சில நாட்கள் 5 நிமிடமேனும் பிள்ளை தெரிந்துகொள்ளும் விளையாட்டில் அதனோடு அமரும்படி பெற்றோருக்குக் கற்பிக்கிறது. கைபேசியை வைத்துவிட்டுப் பல்லாங்குழி ஆடவும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணல்வீடு கட்டவும் நம்மால் முடியாதா?

சகரியா தீர்க்கன் மீட்கப்பட்ட எருசலேமைத் தரிசித்தபோது, அதன் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடக் கண்டான். பிள்ளைகள் அச்சமின்றி விளையாடும் இடத்தில் தேவனுடைய சமாதானம் தங்கியிருக்கிறது. நம் ஆலய வளாகமும் அப்படிப்பட்ட இடமாவதாக.

பிதாவே, பேசத் தயங்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் தைரியத்தையும், கேட்கிற எங்களுக்குப் பொறுமையையும் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.