பாட்டிக்கு எதற்குப் பத்து நிமிடம்?

“இட்லி அரிசி அஞ்சு கிலோ. போன மாசம் குடுத்தது வேணாம் அண்ணாச்சி, மாவு பொங்கவே இல்ல. உளுந்து ஒரு கிலோ, உருட்டா போடு. தனியா கால் கிலோ, புதுசா வந்திருந்தா குடு, இல்லாட்டி அடுத்த வாரம் பாத்துக்கலாம். எல்லாம் அமாவாசைக்கு முன்னாடி வந்துடணும்.”

திருவள்ளூர் தேரடிப் பக்கமோ கும்மிடிப்பூண்டி பஜாரிலோ ஒரு மளிகைக் கடையின் கல்லாவுக்கு அருகே காலையில் அரை மணி நேரம் நின்றால், ஏறக்குறைய இப்படி ஒரு போன் வராமல் போகாது. பேசுகிறவருக்குப் பெரும்பாலும் எழுபதுக்குக் குறையாத வயது. கடைப்பையன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கிழித்த கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறான். அந்த ஒரு நிமிடப் பேச்சுக்குள் ஒரு புகார், ஒரு நிபந்தனை, ஒரு விட்டுக்கொடுப்பு, ஒரு கெடு என்று நாலும் அடங்கிவிடுகின்றன. வீரராகவர் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம் திரண்டுவிட்டால் அந்தத் தெருக்களில் சைக்கிளை நுழைப்பதே பாடு என்பது கடைக்காரருக்குச் சொல்லாமலே தெரியும். இவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் பொத்தான் எந்தச் செல்போன் செயலியிலும் கிடையாது.

ஆனால் வீட்டு வாசலுக்கு மளிகை வருவது என்றாலே இன்று எல்லோருக்கும் நினைவில் வருவது செயலிதான். அதிலும் பத்து நிமிடச் செயலி.

வேடிக்கை என்னவென்றால், மின்வழியில் வீட்டிலிருந்தே மளிகை வாங்கும் கதை ஒரு பாட்டியிடமிருந்துதான் தொடங்கியது. 1984 மே மாதம், இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயது மூதாட்டி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி டிவி ரிமோட்டை அழுத்தினார். மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை என்று மூன்றே சாமான்கள். டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டிலிருந்து அவை வீடு வந்து சேர்ந்தன. டிவியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்துக் கடையை வீட்டுக்குள் கொண்டுவரும் இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் மைக்கேல் ஆல்ட்ரிச். அதை நகர நிர்வாகம் யாருக்காகப் பரிசோதித்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெளியே நடமாட முடியாத முதியவர்களுக்காக. அமேசான் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி இது.

பாட்டிக்காக வெட்டிய கிணற்றில் இன்று பேரப்பிள்ளைகள்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். ராட்டினத்தையும் அவர்கள் உயரத்துக்கே கட்டிவிட்டார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இதை ஒரு சிறு காட்சியாகவே பார்க்கலாம். மகன் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கிறான். அம்மா திருவள்ளூரில் தனியாக. மகன் பொறுப்பானவன், மாதச் சாமானைத் தன் செல்போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறான். டெலிவரி இளைஞர் வாசலில் வந்து நின்று “ஓடிபி சொல்லுங்க ஆயா” என்கிறார். ஆயாவுக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை, எண் போயிருப்பது மகனின் போனுக்கு. மகன் மீட்டிங்கில் இருக்கிறான். இளைஞருக்கு அடுத்த ஆர்டருக்கான நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அரிசி மூட்டை கேட்டுக்கு வெளியே, ஆயா கேட்டுக்கு உள்ளே. இந்த மூவரில் யார் மீதும் குற்றமில்லை.

பெயர்களில் இன்னொரு தொல்லை. அறுபது வருடம் சமைத்த ஒருவருக்கு வெந்தயத்தையும் சோம்பையும் கண்ணை மூடிக்கொண்டு, வாசனையை வைத்தே பிரித்துச் சொல்லத் தெரியும். செயலியில் ஒன்றின் பெயர் ஃபெனுக்ரீக், மற்றொன்றின் பெயர் ஃபென்னல். படம் கட்டைவிரல் நகத்தளவு. கடலைப் பருப்பு ஓரிடத்தில் சன்னா தால், இன்னோரிடத்தில் பெங்கால் கிராம். பொட்டுக்கடலையைத் தேடினால் அதுவும் ஏதோ ஒரு கிராமாகத்தான் வந்து நிற்கும். சட்னிக்குக் கேட்டது வடைப் பருப்பாக வந்தால், திருப்பி அனுப்பும் வழியைக் கண்டுபிடிப்பதற்குள் அன்றைய டிபன் முடிந்துவிடும். கடையிலே இது நடந்தால் “மாத்திக் குடு தம்பி” என்ற மூன்று சொல் போதும்.

அப்புறம் கட்டணம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை வைத்து மாதத்தை ஓட்டுகிறவர் அரை லிட்டர் எண்ணெயும் கால் கிலோ பருப்புமாகத்தான் வாங்குவார். இன்ன தொகைக்கு வாங்கினால்தான் இலவச டெலிவரி என்று செயலி ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தொட வேண்டாத பிஸ்கட்டைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம் என்று கடைசித் திரையில் ஒவ்வொன்றாக முளைப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் சொட்டுச் சொட்டாக விலையை ஏற்றுவதும், கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பதும், ‘இன்னும் இரண்டுதான் மிச்சம்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் ஏமாற்று உத்திகள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மொத்தம் 13 உத்திகளை அது தடை செய்திருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் தான் ஏமாற்றப்பட்டதைக் கண்டுபிடிக்கவே கண்ணாடி தேவைப்படும் வயதில், புகாரை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது அத்தனை நியாயமாகப் படவில்லை.

இது சில பேருடைய அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டு மக்களில் 60 வயது கடந்தவர்கள் சுமார் 10.4 சதவீதம். 2031இல் அது 18.2 சதவீதமாகும் என்பது அரசு மதிப்பீடு. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கும்மிடிப்பூண்டி போன்ற ஊரில் இதற்குத் தனியாக ஒரு முகம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வந்து குவிகிறார்கள். அதனால் பார்வைக்கு இது வாலிபர்களின் ஊர். ஆனால் கவரைப்பேட்டை, எளாவூர், மாதர்பாக்கம் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் பகலில் இருப்பது தாத்தாவும் ஆயாவும்தான். பிள்ளைகள் ஷிப்டில் இருப்பார்கள், இல்லாவிட்டால் சென்னை போகும் மின்சார ரயிலில். கடைக்குப் போவது என்றால் சில ஊர்க்காரர்களுக்குக் கொல்கத்தா நெடுஞ்சாலையைத் தாண்டுவது என்று பொருள். முட்டி தேய்ந்த காலோடு, கையில் மஞ்சள் பையோடு, இரும்பு ஏற்றிய லாரிகளுக்கு நடுவே.

இந்தச் சாலையைத் தாண்ட வேண்டாம் என்று முதலில் சொன்னது ரேஷன் கடை என்பதுதான் சுவாரசியம்.

2025 ஆகஸ்ட் 12 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த தாயுமானவர் திட்டம், அப்போதைய அறிவிப்பின்படி 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்களை வீட்டு வாசலுக்கே கொண்டுபோவது. தொடக்கத்தில் அறிவித்த கணக்குப்படி மூத்த குடிமக்கள் 20,42,657 பேர், மாற்றுத்திறனாளிகள் 1,27,797 பேர். குடும்ப அட்டைகள் 16,73,333. மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் வண்டி வரும் என்பது அன்றைய ஏற்பாடு. வண்டியிலேயே மின்னணுத் தராசும் விற்பனை இயந்திரமும் இருக்கும். கூட்டுறவுத் துறைக்கு ஆகும் செலவு 30 கோடியே 16 லட்சம் ரூபாய் என்றார்கள். இதை ஓராண்டுச் செலவாகக் கொண்டு அட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் அட்டைக்கு 180 ரூபாய், மாதத்துக்கு 15 ரூபாய். ஒரு டீ விலை.

பதினைந்து ரூபாயில் இது எப்படிச் சாத்தியம் என்றால், அவசரம் இல்லை என்பதால்தான். ஒரு தெருவில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வண்டியில். ஆள் ஆளுக்குத் தனித்தனி பைக் பறக்க வேண்டியதில்லை. எந்த நாளில் வரும் என்பது முன்பே தெரிவதால் பாத்திரத்தைக் கழுவிக் காய வைத்து, பையை எடுத்து வைத்துக் காத்திருக்கலாம். முதியவர்களுக்கு வேண்டியது பத்து நிமிடமில்லை, நிச்சயமான ஒரு நாள். தராசை வாசலுக்குக் கொண்டுவந்தது அதைவிடப் பெரிய காரியம். கட்டிய பையை அவர்கள் முழுதாக நம்பிவிடுவதில்லை. கண் முன்னால் எடை போட வேண்டும்.

திட்டத்தில் ஓட்டை இல்லாமலும் இல்லை. துவரம் பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்து சேரத் தாமதமான மாதங்களைத் திட்டத்துக்கு முன்பே 2024இல் எல்லோரும் பார்த்தார்கள். வண்டி வருகிற நாளில் பருப்பு வரவில்லை என்றால், அதற்காக ஆயா மறுபடி கடைக்கு நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்த திட்டம் பாதியில் நின்ற கதைதான். கைரேகை இன்னொரு வம்பு. காலமெல்லாம் நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்து மழுங்கிய விரலை இயந்திரம் அடையாளம் கண்டுகொள்ளாது. கடையிலானால் நாலு முறை துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கலாம். வாசலில், சிக்னல் இல்லாத ஊரில், வெயிலில் அதே கூத்து நடந்தால் விற்பனையாளருக்கும் பொறுமை போகும். வாரம் முழுக்கக் கடையில் நிற்பவர்தான் வண்டி நாளில் மூட்டையும் தூக்குகிறார் என்பதை மறந்துவிட்டுத் திட்டத்தை மட்டும் பாராட்டுவதும் சரியாகாது.

ஜப்பானில் இந்தச் சிக்கலுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஊர்க் கடைகள் மூடிப்போய், பெரிய கடைக்குப் போகவும் வழியில்லாமல் தவிக்கும் முதியவர்களை அங்கே ‘கடை அகதிகள்’ என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். 2012இல் டொக்குஷிமாவில் தொடங்கிய டொக்குஷிமாரு என்ற அமைப்பு இதற்கு ஒரு சின்ன லாரியை அனுப்பியது. உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டின் சரக்கை ஏற்றிக்கொண்டு வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் வீட்டருகே வந்து நிற்கும். பாட்டிமார் இறங்கி வந்து, தொட்டுப் பார்த்து, பேசி வாங்குவார்கள். ஒரு பொருளுக்குப் பத்து யென் கூடுதல் என்பது ஆரம்பத்தில் அவர்கள் வைத்த விதி. வீட்டு டெலிவரி என்று இதைச் சொல்ல முடியாது. கடையே நடந்து வருகிறது.

நம் ஊருக்கு இது அந்நியமான யோசனையே அல்ல. 2021 மே மாத முழு ஊரடங்கில் கடைகளைத் திறக்கக் கூடாது என்றபோது, தள்ளுவண்டியிலும் வேனிலும் மளிகை விற்கவும், போனில் ஆர்டர் வாங்கி வீட்டில் கொடுக்கவும் அரசு அனுமதித்தது. வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்புவது என்ற பழக்கம் பல சிற்றூர்களில் அன்று ஊன்றியதுதான். எழுதத் தெரிந்த தாத்தா தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்வார். எழுத வராத ஆயா பேசி அனுப்புவார். அந்த வாய்ஸ் மெசேஜை ஒரு தடவை கேட்டால் புரியும், செயலி வடிவமைக்கிறவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று.

ஒரு எதிர்வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. கடைக்குப் போவது பல முதியவர்களுக்கு அன்றைய ஒரே நடை, ஒரே பேச்சு. ரேஷன் வரிசையில்தான் யார் வீட்டில் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை ஏறியது என்பதெல்லாம் தெரியவரும். அதையும் வீட்டுக்குள் அடைத்துவிட்டால் மிஞ்சுவது டிவி சீரியல். நடக்க முடிகிறவரை நடக்கட்டும், யாரும் தடுக்க வேண்டாம். பையைக் கொண்டு போகிறவர் வெறுங்கையோடு திரும்பி வரட்டும், மூட்டை மட்டும் பின்னால் வரட்டும். பல கடைக்காரர்கள் இதை எழுதாத விதியாக ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் செயலி நிறுவனங்களும் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியம் அல்ல. தமிழில் பேசி ஆர்டர் எடுக்க ஒரு போன் எண், அதை எடுக்க இயந்திரம் அல்லாத ஓர் ஆள். தெருவுக்கு வாரம் ஒரு நாள். முதியவர் வீடு என்று குறித்துவைத்தால் ஓடிபிக்குப் பதில் ஒரு கையெழுத்து. அந்த வீட்டுக்கு வரும் இளைஞருக்கு மட்டும் கூடுதலாகப் பத்து நிமிடம், அதற்கான காசும். தமிழ்நாட்டில் செயலிவழித் தொழிலாளர்களுக்கு 2023இல் நல வாரியம் அமைந்துவிட்டது. கடிகாரத்தோடு ஓடுகிற அவர்களிடம் பெரியவர்களைப் பொறுமையாகக் கவனி என்று சொல்வதற்கு முன், பொறுமைக்கு நேரம் யார் தருவது என்பதை அந்த வாரியமும் நிறுவனங்களும் உட்கார்ந்து பேசலாம்.

ஏனென்றால் விஷயம் கிடங்கிலிருந்து வாசல் வரையிலான தூரத்தில் இல்லை, வாசலிலிருந்து அடுப்படி வரையிலான பத்தடியில்தான் இருக்கிறது. செயலியின் பொறுப்பு கேட்டோடு முடிகிறது. பஜார் கடைப்பையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, அடியில் கிடக்கும் பழைய அரிசியை முறத்தில் வழித்து வைத்துவிட்டு, புது மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறான். ஆயா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.

“இது போன மாசத்து அரிசி இல்லையே?”

“இல்ல ஆயா, வேற. அண்ணாச்சி சொல்லிதான் அனுப்பிச்சாரு.”

“மாவு பொங்கலைன்னா திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிடு.”

பையன் தலையாட்டிவிட்டு, தனியா இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொள்கிறான்.